யாரோ திறந்த பேட்டரி

என் அண்ணன் மின்சாரக் கார் வாங்கிய செய்தியை எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஸ்ரீரங்கத்தில் அண்ணன் குடியிருக்கும் அடுக்குமாடியில் அவர் கீழ்வீட்டுக்காரர். "உங்க அண்ணனும் எலெக்ட்ரிக் எடுத்துட்டாரே, நீங்கதான் பாத்துக் குடுத்தீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்பதுபோலவும் இல்லை என்பதுபோலவும் தலையை ஆட்டிவைத்தேன்.

திருச்சியில் மின்சாரக் கார்களின் பேட்டரியைத் திறந்து வேலை பார்க்கத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் நான் ஒருத்தி. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் படித்தேன். ஒரு சர்வீஸ் சென்டரில் சில வருடங்கள் இருந்துவிட்டு, மதுரை ரோட்டில் பஞ்சப்பூரைத் தாண்டி இருக்கும் இந்தப் பட்டறைக்கு வந்தேன். எனக்குக் கல்யாணம் ஆகி, அது நிலைக்காமல் போனது. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. பொன்மலைப்பட்டியில் அப்பாவோடு இருக்கிறேன். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது.

புதுக்கோட்டையிலிருந்தும் பெரம்பலூரிலிருந்தும் வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். அண்ணன் ஒரு போன் போட்டுக் கேட்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. வண்டியை விற்றவர் அண்ணியின் அண்ணன். கைலாசபுரத்தில் குவார்ட்டர்ஸில் இருப்பவர், தொழிற்சாலையில் நல்ல பதவி. முறைக்கு எனக்கு மாமா. அவர் வேறு வண்டிக்கு மாறுகிறார், ஓட்டிய வண்டியைத் தங்கை வீட்டுக்குக் கொடுக்கிறார். இதில் நடுவே நான் போய் நின்று கருவியை மாட்டிச் சோதனை செய்தால் அது மரியாதையாக இருக்காது. அண்ணன் அப்படித்தான் யோசித்திருப்பான்.

வாங்கிக் கொஞ்ச நாள் ஆனபிறகு அவனே கூப்பிட்டான்.

"பாப்பா, ஞாயித்துக்கிழமை அப்பாவ கூட்டிட்டு வா. சாப்பிட்டு, வண்டிய ஒரு தடவ பாத்துட்டுப் போ."

"என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்ல. பாதி சார்ஜ் காட்டும், திடீர்னு அடில போயிடும். மிதிச்சா வேகம் வராது. ஆஃப் பண்ணிட்டு போட்டா மறுபடி நல்லா ஓடுது."

இந்த "ஒண்ணுமில்ல" எல்லா வாடிக்கையாளரும் சொல்வதுதான். ஞாயிற்றுக்கிழமை அப்பாவை ஸ்கூட்டரில் உட்காரவைத்துக்கொண்டு காவேரிப் பாலம் தாண்டிப் போனேன்.

சாப்பாட்டுக்கு முன்பே வண்டியைப் பார்த்துவிடலாம் என்றேன். அப்பாவும் கீழே வந்தார். வாட்ச்மேனின் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு பார்க்கிங்கில் உட்கார்ந்துகொண்டார். நான் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் கருவியைச் செருகி, போனில் செல்களின் வோல்டேஜைத் திறந்தேன்.

கார் பேட்டரி என்றால் ஒரே பெட்டி என்றுதான் வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். பெட்டிக்குள் நிறைய சின்னச் செல்கள் வரிசையாக இருக்கின்றன. சில சில செல்களைச் சேர்த்து ஒரு கட்டாக்கியிருப்பார்கள், அதற்கு மாடியூல் என்று பெயர். ஒரு மாடியூலையும் அடுத்ததையும் செம்புப் பட்டை ஒன்று இணைக்கும். ஒரே வரிசை என்பதால் எல்லாச் செல்லும் நன்றாக இருந்து ஒரே ஒரு இடம் சரியில்லை என்றாலும் வண்டி அந்த ஒரு இடத்தின் பேச்சைத்தான் கேட்கும்.

வண்டி சும்மா நிற்கும்போது எல்லா எண்களும் ஒன்றுபோல இருந்தன. அண்ணனை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பைபாஸுக்குப் போய் மேம்பாலத்தில் ஏறும்போது, "இப்ப முழுசா மிதி" என்றேன். மிதித்தான். மற்ற எண்களெல்லாம் கொஞ்சம் இறங்கின. ஒரு எண் மட்டும் கிணற்றில் வாளி போவதுபோல் போனது. காலை எடுக்கச் சொன்னேன். எடுத்த அந்த நொடியிலேயே அது மேலே வந்து மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது.

திரும்பி வந்து சார்ஜரில் மாட்டிப் பார்த்தேன். சார்ஜ் ஏறும்போது அதே எண் மற்றவற்றைவிட உயரமாக நின்றது. செல் கெட்டிருந்தால் இப்படிச் செய்யாது. விழுந்த செல் மெதுவாகத்தான் எழுந்திருக்கும். இழுக்கும்போது கீழேயும் ஏற்றும்போது மேலேயும் உடனுக்குடன் தாவுகிறது என்றால் செல்லில் கோளாறு இல்லை, இணைப்பில் கோளாறு. பட்டை சரியாக இறுகவில்லை, அல்லது களிம்பேறியிருக்கிறது. கரண்ட் போகும்போதெல்லாம் அந்த இடம் சூடாகும்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் மல்லாந்து நுழைந்தேன். பேட்டரியின் மூடிக்கும் அடித்தட்டுக்கும் நடுவே கம்பெனி சாம்பல் நிறத்தில் ஒரு பசை போட்டிருக்கும். சுற்றிலும் சாம்பல்தான். பின்பக்கம் ஒரு முழ நீளத்துக்கு மட்டும் கறுப்பு. கடையில் ட்யூபில் விற்கிற சிலிக்கான். போல்ட்டுகளின் மேல் கம்பெனி போட்ட பெயின்ட் கோடு உடைந்திருந்தது, ஸ்பேனர் வழுக்கிய கீறலும் இருந்தது.

முதுகுத் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்து, வாடிக்கையாளரிடம் சொல்வதுபோலவே சொல்லிவிட்டேன். அதுதான் நான் அன்று செய்தது.

"இந்த பேட்டரிய யாரோ திறந்திருக்காங்கண்ணே. உள்ள ஒரு ஜாயிண்ட் சரியில்ல. இறக்கித் திறந்து பாக்கணும். அதுவரைக்கும் வண்டிய வெளியூருக்கு எடுக்காத."

"யாரு திறந்தா?"

"அது எனக்கெப்படித் தெரியும். நீ திறக்கலன்னா, முன்னாடி வச்சிருந்தவங்க."

அண்ணன் மாடியைப் பார்த்தான். அண்ணி துணி காயப்போட வந்தவள் பால்கனியில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

அப்பா நாற்காலியில் இருந்தபடியே, "ஜாயிண்ட் லூஸா இருந்தா சூடாகும்ப்பா. இன்னிக்கு ஓடும், நாளைக்கும் ஓடும். அவ சொல்றது சரி. திறந்து பாத்துடு" என்றார். அப்பா என் வேலையைப் பற்றி இன்னொருவர் முன்னால் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாக இருந்ததை மறைக்கவில்லை.

மேலே போய்ச் சாப்பிட உட்கார்ந்தோம். ரசம் ஊற்றும்போது அண்ணி ஆரம்பித்தாள்.

"எங்கண்ணன் எங்களுக்குக் கெட்டுப்போன வண்டிய குடுப்பாரா?"

"அவர் குடுத்தார்னு நான் சொல்லல அண்ணி. திறந்திருக்குன்னுதான் சொல்றேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

அண்ணன் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு மாமாவைக் கூப்பிட்டான். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன், அவன் பார்க்கவில்லை. மாமா நிதானமாகத்தான் பேசினார். திறக்கவெல்லாம் இல்லை, ஒருமுறை அடியில் கல் பட்டது, தெரிந்தவரிடம் காட்டினேன், அவர் தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார், அவ்வளவுதான் என்றார். பிறகு சிரித்தார். "பாப்பா தொழிலே அதுதான. குத்தம் இல்லன்னு சொல்லிட்டா பட்டறை எப்படி ஓடும்."

அண்ணனும் சிரித்தான். போனை வைத்தபிறகு பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போன அண்ணி, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "உனக்கு எங்க பாத்தாலும் ஜாயிண்ட் விட்டுப் போனதுதான் கண்ணுக்குத் தெரியும்."

என் கையில் ரசம் சோறு இருந்தது. அதைச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அடுத்த வாரம் அண்ணன் வண்டியை மாமா சொன்ன ஒரு இடத்துக்குக் கொண்டுபோனான். அங்கே கம்ப்யூட்டரை மாட்டி, பதிவாகியிருந்த கோளாறுக் குறிப்புகளையெல்லாம் அழித்து, முழுக்க சார்ஜ் ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ வந்தது. டிஸ்பிளேயில் எந்த விளக்கும் எரியவில்லை, சார்ஜ் முழுசாகக் காட்டியது. "பேட்டரியைத் திறக்காமலேயே சரியாகிவிட்டது" என்று கீழே அண்ணன் எழுதியிருந்தான். மாமா கட்டைவிரல் போட்டிருந்தார். சித்தி மகள் சிரிக்கிற முகம் போட்டிருந்தாள்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்தார். "என்னம்மா, சரியாயிடுச்சாமே?"

"தெர்மாமீட்டர உதறி வச்சா காய்ச்சல் போயிடுமாப்பா?"

அவர் போனைத் திருப்பி என்னிடம் கொடுத்துவிட்டு, "எதுக்கும் நீ இனிமே அதப்பத்தி பேசாத" என்றார்.

நான் பேசவில்லை. ஆனால் அண்ணனுக்குத் தனியாக ஒரு முறை எழுதினேன். வெயில் காலத்தில் வண்டி நிறைய ஆட்களோடு ஏசி போட்டு நீண்ட தூரம் போனால் அந்த இணைப்பு தாங்காது, என் பட்டறையில் வேண்டாம் என்றால் வேறு யாரிடமாவது கொடுத்தாவது திறந்து பார், என்று. படித்ததற்கு நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை.

சித்திரையில் அவர்கள் திருவெள்ளறைக்குப் போகத் திட்டமிட்டார்கள். ஹாஸ்டலில் படிக்கும் மகளுக்காக அண்ணிக்கு ஏதோ வேண்டுதல். அப்பாவையும் கூப்பிட்டார்கள். நான் அப்பாவிடம், "நீங்க பஸ்ல போங்கப்பா, சத்திரம் பஸ் ஸ்டாண்டுலேருந்து நேரா பஸ் இருக்கு" என்றேன். "பையன் வந்து கூப்பிடறான், நான் பஸ்ல வரேன்னு எப்படிச் சொல்றது" என்றார். வேட்டி சட்டை எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். நான் அதற்குமேல் சொல்லவில்லை. சொன்னால் அண்ணியின் வேண்டுதலுக்குக் குறுக்கே நின்றவள் ஆவேன்.

மதியம் பட்டறையில் ஒரு வண்டியின் சார்ஜரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அண்ணன் போன் வந்தது. பின்னால் லாரி ஹாரன் சத்தம்.

"பாப்பா, கொள்ளிடம் பாலத்துல நிக்கிறோம். சிவப்பா என்னமோ வருது. வண்டி நவுரல."

"வாசனை வருதா?"

"ஏதோ கருகுற மாதிரி வருது."

"எல்லாரும் முதல்ல இறங்குங்க. இடது பக்கமா இறங்கச் சொல்லு. தள்ளிப் போய் நில்லுங்க. மறுபடி ஸ்டார்ட் பண்ணாத."

"இரு, ஒரு தடவ ஆஃப் பண்ணிப் போட்டுப் பாக்கறேன். அப்படிப் பண்ணா ஓடும்."

"வேணாம். அப்பாவ இறக்கு முதல்ல."

அவன் போனை மடியில் போட்டிருக்க வேண்டும். பட்டனை அழுத்தும் ஒலி கேட்டது. மறுபடி அழுத்தினான். அண்ணி, ஏசி நின்னுடுச்சு, கண்ணாடிய இறக்குங்க என்று சொல்வது கேட்டது. நான் இந்தப் பக்கம் அப்பா, அப்பா என்று கத்திக்கொண்டிருந்தேன். பிறகு கதவு திறக்கும் சத்தம், ஒரு பைக்கின் பிரேக், அண்ணியின் குரல்.

நடந்ததை அப்பா பின்னால் சொன்னார். வயர் கருகும் வாசனை அவருக்கு ஒர்க்‌ஷாப்பில் பழகியது. அது என்ன என்று மூக்குக்கு உடனே தெரிந்துவிட்டது. மகன் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தான், யாரையும் இறங்கச் சொல்லவில்லை. அவர் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பதற்றத்தில் தன் பக்கத்துக் கதவைத் திறந்து, ரோட்டுப் பக்கமாகவே இறங்கிவிட்டார். பின்னால் வந்த பைக் கதவை உரசியது. பைக்காரன் சமாளித்து நின்றுவிட்டான். அப்பா தடுமாறி இடுப்படியாகத் தார் ரோட்டில் விழுந்தார்.

நான் பாலத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் வந்திருந்தது. ஆற்றில் தண்ணீர் இல்லை, மணலிலிருந்து அனல் வந்துகொண்டிருந்தது. அப்பாவின் வேட்டியில் தார் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும், "நீ வந்துட்டியா" என்றார். அண்ணன் ஒரு கையில் கார் சாவியை வைத்துக்கொண்டு டிராஃபிக் போலீஸிடம் பேசிக்கொண்டிருந்தான். நல்லவேளை, தீப்பிடிக்கவில்லை. இணைப்பு உருகி அறுந்துவிட்டதால் கரண்ட் நின்றுவிட்டது என்பதை நான் பிறகு திறந்தபோது பார்த்தேன்.

தில்லைநகரில் ஒரு ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு இடுப்பில் ஆபரேஷன் நடந்தது. கம்பி வைத்தார்கள்.

வண்டியை வேறு எந்தப் பட்டறையிலும் உள்ளே விடவில்லை. குறிப்புகளை அழித்துக் கொடுத்த இடத்தில், நாங்கள் பேட்டரியைத் தொடவே இல்லை, எங்கள் பொறுப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் டோயிங் லாரி அதைப் பஞ்சப்பூருக்கே கொண்டுவந்து இறக்கியது. அண்ணன் கூட வரவில்லை. "பாத்துக்க பாப்பா" என்று மட்டும் போனில் சொன்னான்.

வேறு யாரிடமும் விடாமல் நானே திறந்தேன். இணைப்பைத் துண்டிக்கும் பிளக்கை உருவி, காத்திருந்து, மீட்டரில் கரண்ட் இல்லை என்று உறுதி செய்து, ரப்பர் கையுறையோடு பேட்டரியை மேசைமேல் இறக்கினேன். கறுப்பு சிலிக்கான் சுலபமாகக் கிழிந்தது. சாம்பல் பசைதான் நேரம் எடுத்தது.

மூடியைத் தூக்கியதும் முகத்தில் அடித்தது அந்த வாடை. பின்வரிசையில் ஒரு செம்புப் பட்டை நீலம் பாரித்துக் கறுத்து, ஒரு முனை உருகியிருந்தது. அதைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் வழிந்து உறைந்திருந்தது. மற்ற எல்லா நட்டுகளின் மேலும் இறுக்கியதற்கு அடையாளமாகக் கம்பெனி போட்ட மஞ்சள் கோடு இருந்தது. அந்த இடத்து நட்டில் கோடே இல்லை. அங்கே இருந்த மாடியூலும் இந்த வண்டியுடையது இல்லை. லேபிளின் நிறம் வேறு, மூலையில் முன்பு வேறெங்கோ மாட்டியிருந்த தழும்பு வேறு. கல் பட்டு ஒரு மாடியூல் வீணாகியிருக்கிறது. உடைந்த ஏதோ வண்டியிலிருந்து ஒன்றை எடுத்து வைத்து, கையால் இறுக்கி, கடைச் சிலிக்கானைப் போட்டு மூடியிருக்கிறார்கள். அது முடிந்த கையோடு வண்டி தங்கை வீட்டுக்கு வந்திருக்கிறது.

போட்டோ எடுத்து வைத்தேன். எதற்கு என்று அப்போது யோசிக்கவில்லை. பழக்கம்.

வண்டியைச் செம்மையாகவே செய்தேன். மற்றவற்றோடு ஒத்துப்போகிற மாடியூலைத் தேடி வரவழைத்து, அதையும் மற்றவற்றையும் ஒரே அளவுக்குச் சார்ஜ் செய்து, பட்டையைப் புதிதாகப் போட்டு, கம்பெனி சொன்ன அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கினேன். ஒவ்வொரு நட்டின் மேலும் கோடு போட்டேன். காற்றடைத்துக் கசிவு பார்த்தேன். மூடி, ஏற்றி, மேம்பாலத்துக்குக் கொண்டுபோய் முழுக்க மிதித்தேன். எண்கள் எல்லாம் சேர்ந்து இறங்கின, சேர்ந்து ஏறின. எனக்கு அழுகை வந்தது. அப்பா படுத்திருக்கிறார் என்பதற்காகவா, வேலை நன்றாக வந்துவிட்டது என்பதற்காகவா, தெரியவில்லை. ஓரமாக நிறுத்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு பட்டறைக்குத் திரும்பினேன்.

அப்பாவை வீட்டுக்கு அழைத்துவந்த பிறகு மாமா குடும்பத்தோடு பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. அன்று காலை அப்பாவுக்கு உடம்பு துடைத்துவிட்டுச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். பட்டனைப் போட்டு முடித்ததும் கேட்டார்.

"பாப்பா, ஒண்ணு கேட்டா செய்வியா?"

"சொல்லுங்க."

"அண்ணி தினம் அழுவுறாளாம். அவ அண்ணனுக்கும் உங்கண்ணனுக்கும் பேச்சு வார்த்தை நின்னு போச்சு. குடும்பம்னா நாளைக்கு நல்லது கெட்டது இருக்கு. பேத்திக்கு ஒரு காரியம்னா தாய்மாமன் வந்து நிக்கணும்."

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"நீ அன்னிக்கு வண்டிக்கடில போய் பாத்தல்ல. அப்ப ஏதோ வயர் சரியா மாட்டாம விட்டுட்டேன்னு சொல்லிட்டா முடிஞ்சு போச்சு. உன்ன யாரு என்ன சொல்லப் போறாங்க. நீ நம்ம வீட்டுப் பொண்ணு."

"நான் அத திறக்கவே இல்லியேப்பா. டார்ச் அடிச்சுப் பாத்ததோட சரி."

"தெரியும்."

அவர் அதை மெதுவாக, சாதாரணமாகத்தான் சொன்னார். பார்க்கிங்கில் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தவர். ஜாயிண்ட் லூஸாக இருந்தால் சூடாகும் என்று தன் வாயால் சொன்னவர். தெரியாமல் கேட்டிருந்தால் விளக்கியிருப்பேன். தெரிந்து கேட்பவருக்கு என்ன விளக்குவது?

"செய்யாதத செஞ்சேன்னு சொல்ல மாட்டேன்ப்பா."

"உன் இஷ்டம்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளப் பார்த்தார். இடுப்பு விடவில்லை. நான்தான் பிடித்துத் திருப்பிப் படுக்கவைத்தேன்.

மாமாவும் அவர் மனைவியும் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். அண்ணனும் அண்ணியும் வந்திருந்தார்கள். நான் காபி கொடுத்தேன். ஆஸ்பத்திரி, டாக்டர், வெயில் என்று பேச்சு போனது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மாமா அப்பாவைப் பார்த்துச் சொன்னார்:

"என்கிட்ட இருந்தவரைக்கும் வண்டி ஒரு நாளும் நின்னதில்ல. பாப்பா அன்னிக்கு அடியில படுத்து என்னமோ பண்ணுச்சாம். அதுக்கப்புறம்தான் இப்படி. சரி, வேணும்னா பண்ணுச்சு? விடுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணன் மட்டும் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, நான் எதையும் திறக்கல. இப்பதான் திறந்தேன். உள்ள ஒரு மாடியூல் வேற வண்டியோடது. நட்டு முடுக்கின கை கம்பெனி கை இல்ல. போட்டோ இருக்கு, பாக்கறீங்களா?"

போனை நீட்டினேன். யாரும் கையை நீட்டவில்லை. மாமாவின் மனைவி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது என்று எனக்கு அப்போதுதான் பட்டது. எப்போதிலிருந்து என்பதுதான் தெரியாது.

"போதும் பாப்பா" என்றான் அண்ணன்.

அப்பா கட்டிலிலிருந்து கையைக் கூப்பினார். மாமாவைப் பார்த்து, "அவளுக்குப் பேசத் தெரியாது மாப்ள. மனசுல வச்சுக்காதீங்க" என்றார்.

அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். நான் டம்ளர்களைக் கழுவினேன்.

வண்டியை அண்ணன் விற்றுவிட்டான். அண்ணி இனி அதில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். அதை வாங்கிய மண்ணச்சநல்லூர் அரிசிக்காரர் சர்வீஸுக்கு என்னிடம்தான் வருகிறார். "அருமையான வண்டிம்மா, உங்க அண்ணன் ஏன் குடுத்தாரோ" என்கிறார். வண்டியில் என்ன மாற்றினேன் என்பதை அவர் கொண்டுவந்த முதல் நாளே சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டு, சரி என்றார். ஒரு அந்நியரிடம் அதைச் சொல்வது எவ்வளவு எளிதாக இருந்தது.

சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் கதை வேறு மாதிரி உலவுகிறது. தங்கச்சி பேட்டரியில் கை வைத்தாள், வண்டி நின்றுபோனது, அப்பாவுக்கு இடுப்பு போனது. சித்தி மகளே என்னிடம், "போனது போகட்டும்க்கா, நீங்க வேணும்னா பண்ணீங்க?" என்று ஆறுதல் சொன்னாள். முதலில் ஒவ்வொருவரிடமும் மறுத்தேன். மறுக்க மறுக்க அவர்கள் முகத்தில் இரக்கம்தான் கூடியது. இப்போது மறுப்பதில்லை, ஒத்துக்கொள்வதும் இல்லை.

அப்பா வாக்கரைப் பிடித்து வீட்டுக்குள் நடக்கிறார். காலையில் நான்தான் குளிப்பாட்டிவிட்டு வேலைக்குப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வருவான் என்றால் சலவைச் சட்டை கேட்கிறார். அந்தக் காலைப் பேச்சை நாங்கள் இருவரும் மறுபடி எடுக்கவில்லை. சில சமயம் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடாமல் இருக்கிறார். அது மன்னிப்பா, பிடிமானத்துக்கா என்று நான் கேட்டதில்லை. எதுவாக இருந்தாலும் அவர் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்.

மாமா போன மாதம் கூப்பிட்டார். அவர் எண்ணைப் பார்த்துவிட்டு எடுக்காமல் விட்டேன். மறுபடி கூப்பிட்டார். எடுத்தேன்.

"பாப்பா, நல்லா இருக்கியா? ஒரு செகண்ட் ஹாண்ட் எலெக்ட்ரிக் பாத்து வச்சிருக்கேன், பையனுக்கு. நீ ஒரு பார்வை பாத்துட்டா தேவல. கொண்டாரட்டுமா?"

நல்ல பதவியில் இருக்கும் மனிதர், தயக்கம் எதுவும் இல்லாமல் கேட்டார். பட்டறை திறக்கிற நேரத்தைச் சொன்னேன்.

சொன்னபடி வந்தார். வழக்கம்போல வண்டியை வரிசையில் விடச் சொன்னேன். முன்னால் இருந்த இரண்டு வண்டிகள் முடியும்வரை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். அவர் முறை வந்ததும் சாக்கெட்டில் கருவியைச் செருகினேன், ஓட்டிப் பார்த்தேன், அடியில் படுத்துப் பார்த்தேன். இந்த வண்டியை யாரும் திறக்கவில்லை. ஆனால் செல்கள் எல்லாமே தேய்ந்திருந்தன. வேகச் சார்ஜிலேயே ஓட்டி உயிரை எடுத்திருந்தார்கள்.

"வேணாம் மாமா. வாங்காதீங்க."

"அப்படியா? சரிம்மா" என்றார். ஏன் என்று கேட்கவில்லை. போட்டோவும் கேட்கவில்லை. வெளியே நின்றிருந்த விற்பவரிடம் போய், "எங்க வீட்டுப் பொண்ணு வேணாங்குது, அது சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்வது எனக்குக் கேட்டது. கிளம்பும்போது, அப்பாவைக் கேட்டதாகச் சொல் என்றார்.

வீட்டுக்குப் போய் நான் அப்பாவிடம் அதைச் சொல்லவில்லை.